எட்டாவதுக்கு இடம்

கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருப்பவனுக்கு
ஏழு புல்வெட்டி டிராக்டர் எதற்கென்று
கேட்காதவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் பஞ்சிகாவத்தை ஜவ்ஃபர். விற்றவர்.
மற்றது நான்.

முதலாவதை மாடிப்படிக்குக் கீழே
சைக்கிள்களை ஒதுக்கிப் புகுத்தினேன்.
கீழ்வீட்டு இராஜநாயகத்தாருக்கு வாடகை
மாதம் ஒரு பால்மா பக்கெட்.
இரண்டாவது வந்தது, பால்மாவும் இரண்டானது.
மூன்றாவதன் மூக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்க
மாநகரசபைக்காரர் ஒருவர்
அதன் நெற்றியில் சோக்கால் ஓர் இலக்கம் எழுதிப்போனார்.
என்ன இலக்கமென்று இன்றுவரை தெரியாது.

அதன் பிறகுதான் கணக்குக் கொப்பி வாங்கினேன்.

பேலியகொடையில் பழைய கொண்டெய்னர், இருபது அடி,
அடிப்பலகை உக்கியது. விலை சொன்னார்கள்.
திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தும்
நின்றுகொண்டே வந்தேன்.
வத்தளையில் தகரக் கொட்டில், மாதம் பன்னீராயிரம்;
களனி பெருகினால் உங்கட பாடு.
கடைசியில் ஜவ்ஃபரின் மச்சானுடைய கராஜில்
ஒரு மூலை, நாலாயிரம்.
மூலை என்றால் மூலைதான்.

மலிவுக்கு வழியுண்டு. முதுகுதான் கேட்கும்.

வெட்டும் தட்டைக் கழற்றிவிட்டால்
டிராக்டர் காய்ச்சலில் கிடந்தவன்போல் மெலிந்துபோகும்.
தட்டுகளுக்குச் சுவரில் ஆணி.
துறைமுகத்தில் கழித்துவிட்ட மரப் பலட்டுகளை
இரும்புக் குழாயில் ஏற்றினால் மேல்தளம்.
சங்கிலிக் கப்பி நாள் வாடகைக்குக் கிடைக்கும்.
சின்னதுகளைப் பின்புறம் குத்தி நிமிர்த்தலாம்,
பெற்றோலையும் ஒயிலையும் வடித்த பிறகு.
(வடிக்க மறந்த அன்று
சந்தியில் ஒருவரும் சிகரெட் பற்றவைக்கவில்லை.)
போர்வைக்குத் தேர்தல் பதாகை.
தோற்றவருடையதைத் தேடுங்கள், யாரும் திருப்பிக் கேட்பதில்லை.
என் நான்காவதின் மேல் ஒருவர்
இரண்டு வருடமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.
கடற்காற்றுக்குக் கழிவொயில், தூரிகையால் பூச வேண்டும்.
எலிக்கு இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பற்றரிகள் என் கட்டிலுக்குக் கீழே.
"ஏழு கிடக்குது," என்றாள் பெனடிக்டா,
"சார்ஜ் ஏறாதது மேல படுத்திருக்குது."

பிறகு கராஜ் நிலம் விலைப்பட்டது.
இருபத்திரண்டு மாடி வரப்போகிறதாம்,
நிலத்துக்கடியில் மட்டும் மூன்று தளம்
கார்களுக்கு.

முகத்துவாரத்துப் பக்கம் ஒரு சேமக்காலை.
பெனடிக்டாவின் பெரியம்மாவைப் புதைத்த அன்று
எல்லோரும் குழியைப் பார்க்க
நான் கொட்டிலைப் பார்த்தேன்.
அஸ்பெஸ்டஸ் கூரை, மேட்டு நிலம், பூட்டுள்ள கதவு,
உள்ளே ஒரு தள்ளுவண்டியும் உடைந்த சிலுவைகளும்.
காவலாளி விமலசேன வாடகை வேண்டாமென்றார்.
ஒன்றை மட்டும் புல்லுக்குத் தரச் சொன்னார்.
பச்சையைத் தொட்டார்.
நான் மெழுகு பூசி, ரயருக்குக் கூடக்
கறுப்பு மை தீட்டி வைத்திருந்த பச்சையை.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
தூரத்திலேயே சத்தம் கேட்டது.
ஆறு வருடத்தில் அது புல் வெட்டி
நான் கண்டது அதுதான் முதல் தடவை.
வரிசை வரிசையாகக் கல்லறைகளைச் சுற்றிவந்து
ஓர் உடைந்த பூச்சாடியில் ஏறியது.
அலகில் சோளப்பொரி அளவு ஒரு பல்லு.
விரலால் தடவிப் பார்த்தேன். அன்றைக்கே
கொண்டுபோய்விட வேண்டும்போல் இருந்தது.
எங்கே?
மாடிப்படிக்குக் கீழே இப்போது
இராஜநாயகத்தாரின் மருமகனுடைய ஸ்கூட்டர்.

நேற்று ஜவ்ஃபர் எடுத்தார்.
ஜப்பானிலிருந்து ஒன்று, செம்மஞ்சள்.
ஆசனம் இல்லை, என்றார். பிறகு மெதுவாக:
அதனால் நீளம் குறைவு.

இன்று காலை கொட்டிலில் அளந்தேன்.
நாடாவின் மறுமுனையை விமலசேன பிடித்தார்,
ஆறடிக்குப் பழகிய கை, ஆடவே இல்லை.
நாலு அங்குலம் போதாது.
முன்சில்லைக் கழற்றினால் சரிவரும், என்றேன்.
"ஹரி," என்றார்,
சிலுவைகளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி.